இரும்புக்கு இட்ட பெயர்

1

பயன் தீர்ந்த ஒரு பொருளைக் கடலில் விட்டுவிட்டு வருவதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. கொட்டுவது ஒன்று. இடுவது இன்னொன்று. முதலாவது குற்றம், இரண்டாவது திட்டம். 1972-ல் லண்டனில் உருவான கடற்கழிவு ஒப்பந்தம் இந்த வித்தியாசத்தைச் சட்டமாக்கியது. கழிவுகளையும் கப்பல்களையும் கடல்மேடைகளையும் இஷ்டப்படி கடலில் கழித்துக்கட்டக் கூடாது என்று வரையறுத்துவிட்டு, வெறுமே கழிப்பதற்காக அல்லாமல் வேறொரு நோக்கத்துக்காகப் பொருளை இடுவது கொட்டுவதில் சேராது என்று ஒரு விலக்கும் வைத்தது. ஆக, வித்தியாசம் பொருளில் இல்லை, கடலில் இல்லை, இடுகிறவன் நோக்கத்தில் இருக்கிறது. நோக்கத்தை எந்தக் கோலால் அளப்பது என்பதுதான் பாக்கி.

பழைய எண்ணெய் மேடைகளைச் செயற்கைப் பார்களாக மாற்றலாமா என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நாற்பது வருஷங்களுக்கு மேலாக நடக்கும் விவாதத்தின் சரித்திரத்தை இந்த விலக்கிலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. இதை விஞ்ஞானப் பிரச்னையாகப் பார்ப்பவர்கள் உண்டு. கம்பெனிகளுக்கும் சுற்றுச்சூழல்காரர்களுக்குமான சண்டையாகப் பார்ப்பவர்கள் அதிகம். இரண்டும் வாஸ்தவம்தான். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரு பெயர்ப் பிரச்னை இருக்கிறது. சொல்லோடு புழங்குகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட நியாயமில்லை.

முதலில் நம் சொல். 'ரீஃப்' என்பதற்குப் பவளப்பாறை என்று எழுதிப் பழகிவிட்டோம். பவளம் இல்லாத ரீஃபும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் மீன் பிடிப்பவர்களும் வைத்திருக்கும் சொல் 'பார்'. கடலடியில் மணலுக்கும் சேற்றுக்கும் நடுவே கெட்டியாக இருக்கும் தரை. சிப்பி பற்றுகிற, மீன் கூடுகிற இடம். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். பாருக்கு வேண்டியது கெட்டித்தன்மை. அது எதனால் ஆனது என்று சிப்பி கேட்பதில்லை. கேட்கிறவர்கள் நாம்.

2

கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் முதல் எண்ணெய்க் கிணறு 1947-ல் லூயிசியானாவுக்கு எதிரே, மெக்ஸிகோ வளைகுடாவில், கெர்-மக்கீ கம்பெனியால் தோண்டப்பட்டது. (2025-ல் அமெரிக்க அரசு இந்த வளைகுடாவுக்கே வேறு பெயர் வைத்தது. அது தனிக் கதை.) அங்கே தண்ணீர் சுமார் 20 அடி ஆழம்தான். அந்தக் காலத்து மேடைகள் சிறியவை. நட்டதைப் பிடுங்குவது பெரிய காரியமல்ல. எனவே 1958-ல் ஜெனிவாவில் எழுதப்பட்ட கண்டத்திட்டு ஒப்பந்தம், கைவிடப்பட்ட அமைப்புகள் முழுமையாக அகற்றப்பட வேண்டும் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்ல முடிந்தது.

மேடைகள் வளர்ந்தன. 1978-ல் ஷெல் கம்பெனியின் 'காக்னாக்' மேடை ஆயிரம் அடிக்கு மேற்பட்ட ஆழத்தில் நின்றது. 1988-ல் அதே கம்பெனியின் 'புல்விங்கிள்' 1,350 அடி ஆழத்தில் நின்றது. சட்டத்தின் மொழியும் கூடவே நெகிழ்ந்தது. 1982-ன் கடல் சட்ட ஒப்பந்தத்தில் 'முழுமையாக' என்ற சொல் போய்விட்டது. கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாதபடி, மீன்பிடிப்பையும் கடல் சூழலையும் உத்தேசித்து அகற்றினால் போதும். 1989-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு விதிமுறைகள் வகுத்தது: 75 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில், 4,000 டன்னுக்குக் குறைந்த எடையில் நிற்பவை முழுமையாக எடுக்கப்பட வேண்டும், பெரியவற்றில் ஒரு பகுதியை விடலாம், மேலே 55 மீட்டர் தண்ணீர் தடையின்றி இருந்தால் சரி. செயற்கைப் பார் என்ற வார்த்தையும் அந்த விதிமுறைகளுக்குள் வந்துவிட்டது. இரும்பின் எடை கூடக்கூடச் சட்டத்தின் எடை குறைந்தது என்று சொன்னால் மிகை ஆகாது.

இதற்குள் வளைகுடாவில் யாரும் திட்டமிடாத ஒரு காரியம் நடந்திருந்தது. லூயிசியானாக் கரைக்கு வெளியே கடலடி, மிஸிஸிப்பி ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த சேறு. கெட்டித்தரை அபூர்வம். அங்கே அடியிலிருந்து மேல்மட்டம் வரை நிற்கும் இரும்புக் கால்களில் அலசும் சிப்பியும் கடற்பஞ்சும் பற்றின. அவற்றைத் தேடிச் சின்ன மீன், சின்ன மீனைத் தேடிப் பெரிய மீன். நம் சங்கராவுக்கு உறவான ரெட் ஸ்னாப்பர் மேடைக் கால்களைச் சுற்றிக் கூட்டங்கூட்டமாகத் திரிந்தது. தூண்டில்காரர்கள் மேடைகளைத் தேடிப் படகு விட்டார்கள். உச்சக் கட்டத்தில் அந்த வளைகுடாவில் சுமார் 4,000 மேடைகள் நின்றன. உலகத்திலேயே பெரிய செயற்கைப் பார்த் தொகுதி அதுதான் என்ற பேச்சு வந்தபோது, அது கட்டப்படாமலே கட்டப்பட்டிருந்தது.

கிணறு வற்றியதும் ஒப்பந்தப்படி கால்களைக் கடலடித் தரைக்கும் 15 அடி கீழே அறுத்து எடுத்துப்போக வேண்டும். பல சமயம் வெடிவைத்துத்தான் அறுத்தார்கள். வெடித்ததும் மீன்கள் செத்து மிதந்தன. தூண்டில்காரர்கள் கேட்ட கேள்வி சாதாரணமானது: ஏன் எடுக்க வேண்டும்?

1979-ல் எக்ஸான் கம்பெனியின் கடலடி உற்பத்திச் சாதனம் ஒன்று லூயிசியானாவிலிருந்து ஃப்ளோரிடாவின் அப்பலாச்சிகோலாவுக்கு எதிரே கொண்டுபோய் இடப்பட்டது. 1982-ல் டென்னகோ கம்பெனி மேடையின் இரும்புச் சட்டகம் பென்ஸகோலாவுக்கு இழுத்துப் போகப்பட்டது. 1984-ல் அமெரிக்கக் காங்கிரஸ் மீன்வள மேம்பாட்டுச் சட்டம் இயற்றியது, மறு வருஷம் தேசியச் செயற்கைப் பார்த் திட்டம் வந்தது, 1986-ல் லூயிசியானா தன் சட்டத்தை இயற்றிற்று, டெக்ஸாஸ் பின்தொடர்ந்தது. 'ரிக்ஸ் டு ரீஃப்ஸ்' என்ற மோனைப் பெயர் நிலைத்தது. மூன்று வழிகள். வேறிடத்துக்கு இழுத்துப்போய் இடுவது. நிற்கிற இடத்திலேயே சாய்த்துவிடுவது. மேலே 85 அடியை வெட்டிவிட்டு மிச்சத்தை நிற்க விடுவது. இன்றுவரை 500-க்கு மேற்பட்ட மேடைகள் இப்படிப் பாராக்கப்பட்டிருக்கின்றன.

பேரத்தின் விவரம் முக்கியம். முழுக்க அகற்றியிருந்தால் ஆகும் செலவுக்கும் பாராக்குவதற்கு ஆகும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கம்பெனி மாநிலத்தின் பார் நிதிக்குத் தருகிறது. மறுபாதி கம்பெனிக்கு மிச்சம். அடைக்கப்பட்ட கிணற்றின் பொறுப்பு கம்பெனியிடமே இருக்கும். ஆனால் சட்டகத்தின் உடைமையும் அதனால் வரும் பொறுப்பும் மாநிலத்துக்குப் போய்விடும். இதைச் சட்டத்தின் மொழியில் 'நன்கொடை' என்கிறார்கள். கொடுப்பவனுக்கு லாபமாகும் நன்கொடை.

கம்பெனிக்குப் பணம், மாநிலத்துக்குப் பணம், தூண்டில்காரனுக்கு மீன். வலை சிக்கிக் கிழியும் என்று முறையிட்ட இறால் படகுக்காரர்களைத் தவிர அங்கே எதிர்த்தவர்கள் குறைவு. 2010 ஏப்ரலில் 'டீப்வாட்டர் ஹொரைஸன்' வெடித்துப் பதினொரு பேர் செத்து, மூன்று மாதம் எண்ணெய் கொட்டிய பிறகு, சும்மா நிற்கும் இரும்பையெல்லாம் சீக்கிரம் அகற்றச் சொல்லி மத்திய அரசு அவ்வருஷம் செப்டம்பரில் உத்தரவிட்டது. அப்போது மேடைகளை எடுக்காதே என்று குரல் கொடுத்தவர்கள் தூண்டில்காரர்களும் முக்குளிப்பவர்களும். எண்ணெய்க் கம்பெனிகள் அல்ல. விவாதத்தின் எந்த வாய்பாட்டிலும் இது அடங்குவதில்லை.

இதே காலத்தில் இதே நாட்டில் நடந்த இன்னொரு காரியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1972 முதல் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலுக்கு எதிரே சுமார் இருபது லட்சம் பழைய கார் டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் இறக்கினார்கள். பெயர், ஆஸ்பர்ன் ரீஃப். கட்டுகள் துருப்பிடித்து அறுந்தன. டயர்கள் அலையில் உருண்டு பக்கத்திலிருந்த நிஜப் பவளத்தின் மேல் மோதின. உயிர் எதுவும் பெரிதாகப் பற்றவில்லை. பல வருஷங்களாக முக்குளிப்பவர்களை வைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவருகிறார்கள். நோக்கம் அங்கே பரிசுத்தமாக இருந்தது. நோக்கத்தைக் கோலாக வைத்தால் அது இடுதல்தான். பலனைக் கோலாக வைத்தால் கொட்டுதல்.

3

கலிஃபோர்னியாவில் கதை வேறு. அங்கே மேடை என்றால் மீன் ஞாபகம் வராது. 1969 ஞாபகம் வரும். அந்த வருஷம் ஜனவரி 28-ல் சான்டா பார்பராவுக்கு எதிரே யூனியன் ஆயில் கம்பெனியின் 'ஏ' மேடைக்கு அடியில் கிணறு வெடித்து, எண்ணெய் நாள்கணக்கில் பொங்கிக் கரை ஒதுங்கியது. எண்ணெயில் தோய்ந்த பறவைகளின் படங்கள் நாடு முழுக்கப் பரவின. அமெரிக்கச் சுற்றுச்சூழல் இயக்கத்தின் பிறப்பை அந்தக் கரையில் வைப்பவர்கள் உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்கு மேடை என்பது ஒரு வாக்குறுதியின் உருவம்: எண்ணெய் தீர்ந்ததும் எடுத்துப்போகிறோம் என்று கம்பெனிகள் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தன.

1996-ல் ஷெவ்ரான் கம்பெனி ஹேஸல், ஹில்டா, ஹோப், ஹைடி என்ற நான்கு மேடைகளை எடுத்தது. வாக்குறுதி நிறைவேறியது என்று தோன்றியது. ஆனால் கடலடியில் நான்கு மேடுகள் மிஞ்சின. பத்து முப்பது வருஷங்களாக மேடைக் கால்களிலிருந்து உதிர்ந்த சிப்பி ஓடுகள், அவற்றுக்கு அடியில் துளையிட்டபோது கொட்டிய சேறும் கல்தூளும். 20 அடிக்கு மேல் உயரம். கலைத்தால் உள்ளே உறையும் நஞ்சு கலங்கும். விட்டால் வலை சிக்கும். முழுமையாக அகற்றுவது என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது அன்றைக்குச் சந்தேகமாகிவிட்டது.

இன்னொரு பக்கத்தில், சான்டா பார்பரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்டன் லவ் என்ற மீனியல் விஞ்ஞானி சிறு நீர்மூழ்கியில் இறங்கி, மேடைக் கால்களைச் சுற்றியுள்ள மீன்களை வருஷாவருஷம் எண்ணிக்கொண்டிருந்தார். அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு அருகிப்போன 'பொக்காச்சியோ' போன்ற ராக்ஃபிஷ் வகைகளின் குஞ்சுகள் அங்கே ஏராளமாக இருந்தன. இங்கேதான் விவாதத்தின் மையக் கேள்வி வருகிறது: மேடை மீனை உண்டாக்குகிறதா, கூட்டுகிறதா? வேறெங்கோ இருந்திருக்கும் மீனை ஓரிடத்தில் சேர்க்கிறது என்றால், அது பிடிக்கிறவனுக்குச் சௌகரியம், மீன் இனத்துக்கு ஆபத்து. இல்லாமல் போயிருக்கும் மீனைப் பிழைக்க வைக்கிறது என்றால் அது வேறு. ஜேம்ஸ் போன்ஸாக் 1989-ல் இக்கேள்வியைக் கறாராக எழுப்பினார். இரண்டில் ஒன்று என்று பதில் வராது. மீன் இனத்தைப் பொறுத்து, இடத்தைப் பொறுத்து மாறும். இன்றைக்குப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் நிலை அதுதான்.

2001-ல் மேடைகளைப் பாராக்க வழிசெய்யும் மசோதாவைக் கவர்னர் கிரே டேவிஸ், கடலுக்கு நன்மை என்பதற்குத் தீர்மானமான ஆதாரம் இல்லை என்று நிராகரித்தார். 2010-ல் அதே மாதிரியான சட்டத்தில் கவர்னர் ஷ்வார்ஸநெகர் கையெழுத்திட்டார். மிச்சப்படும் பணத்தில் பாதிக்கு மேல் மாநிலத்துக்கு. தாமதிக்கத் தாமதிக்கப் பங்கு கூடும். பத்து வருஷம் கழித்தும் அச்சட்டப்படி ஒரு மேடைகூடப் பாராகவில்லை. 2014-ல் லவ்வும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, கலிஃபோர்னிய மேடைகள், ஒரு சதுர மீட்டர் கடலடிக்கு உண்டாகும் மீன் எடையை வைத்துப் பார்த்தால், உலகில் அளக்கப்பட்ட கடல் வாழிடங்களிலேயே முன்வரிசையில் நிற்கின்றன என்றது. அளவையின் சூட்சுமம் கவனிக்க வேண்டியது. பல மாடிக் கட்டடத்தின் ஜனத்தொகையை அது நிற்கும் மனையின் பரப்பால் வகுத்தால் எண் பெரிதாகத்தான் வரும். இதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. உயரம்தான் மேடையின் குணம், அந்தக் குணத்தைத்தான் எண் சொல்கிறது. ஆனால் எண்ணைப் படிக்கிற கம்பெனிக்காரரும் அரசியல்வாதியும் அதில் மன்னிப்பைப் படித்தார்கள். அது எண்ணில் இல்லை.

4

ஐரோப்பாவில் விவாதம் ஒரே ஒரு பொருளில் வந்து குவிந்தது. அது மேடைகூட அல்ல. 'பிரென்ட் ஸ்பார்' என்ற மிதக்கும் எண்ணெய்த் தொட்டி. வடகடலின் பிரென்ட் வயலில் 1976-லிருந்து எண்ணெய் சேர்த்துக் கப்பல்களுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. எடை 14,500 டன். 1991-ல் வேலை முடிந்தது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கின் ஆழத்தில் மூழ்கடித்துவிட ஷெல் கம்பெனி பிரிட்டிஷ் அரசிடம் அனுமதி வாங்கியது. 1995 ஏப்ரல் 30-ல் கிரீன்பீஸ் இயக்கத்தார் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். ஜெர்மனியில் ஷெல் பெட்ரோல் பங்குகளை மக்கள் பகிஷ்கரித்தார்கள், சில தாக்கப்பட்டன. ஜூன் 20-ல், பிரதமர் ஜான் மேஜர் அத்திட்டத்தைப் பார்லிமென்டில் தாங்கிப் பேசிய அதே நாள், கம்பெனி பின்வாங்கியது.

செப்டம்பரில் கிரீன்பீஸ் மன்னிப்புக் கேட்டது. தொட்டியில் 5,500 டன் எண்ணெய் மிச்சமிருப்பதாக அது சொன்ன கணக்கு தப்பு. மாதிரி எடுத்த இடம் தொட்டி அல்ல, அதற்குப் போகும் குழாய். இதைக் காட்டிப் போராட்டமே பொய் என்று இன்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எண் தப்பு. ஆனால் கேள்வி எண்ணைப் பற்றியதல்ல. பெருங்கடலைக் குப்பைக் குழியாக வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு உண்டு என்பதைப் பற்றியது. தவறான ஆதாரத்தோடு சரியான கேள்வியைக் கேட்பது சரித்திரத்தில் புதிதல்ல. கேட்டவர்கள் தவறை ஒப்புக்கொண்டது கொஞ்சம் புதிது.

1998 ஜூலையில் போர்ச்சுகலின் சின்ட்ராவில் கூடிய ஆஸ்பார் நாடுகள், வடகிழக்கு அட்லாண்டிக்கில் பழைய மேடைகளைக் கொட்டவும் கூடாது, இருந்த இடத்தில் விடவும் கூடாது என்று முடிவெடுத்தன. 10,000 டன்னுக்கு மேற்பட்ட சட்டகங்களின் அடிப்பகுதிக்கும் கான்கிரீட் அடித்தளங்களுக்கும் மட்டும் விலக்குக் கேட்கலாம். செயற்கைப் பார் கட்டக் கழிவுப் பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்ற நெறிமுறையும் வந்தது. இதன் அர்த்தம், அந்தக் கடலில் பழைய மேடைக்குப் 'பார்' என்ற பெயர் கிடைக்கவே கிடைக்காது. லூயிசியானாவில் நன்கொடை, வடகடலில் கழிவு. இரும்பு ஒன்றுதான்.

ஸ்பாரை நார்வேக்கு இழுத்துப்போய், துண்டுகளாக அறுத்து, ஸ்டவாங்கர் அருகே ஒரு கப்பல்துறைக்கு அடித்தளமாகப் போட்டார்கள். 1999-ல் அறுக்கும்போது, நீருக்கடியில் இருந்த பகுதியில் 'லோஃபீலியா' என்ற குளிர்நீர்ப் பவளம் வளர்ந்திருப்பது தெரிந்தது. மெல்ல வளர்வது, ஆழ்கடலில் இழுவலைகளால் அழிந்துவருவது என்று காப்பாற்ற நினைத்த அதே பவளம். பிறகு வடகடலின் வேறு மேடைகளிலும் காணப்பட்டது. எண்ணெய்க்காகக் கட்டிய தொட்டியில் பவளம் வந்து குடியேறியது. கடலைக் காப்பாற்றுவதற்காக அதைக் கரையேற்றியபோது பவளம் செத்தது. இரண்டு பக்கத்தாருக்கும் இது சங்கடம். கம்பெனிக்காரர்கள் சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை.

5

கோபுர இடுக்கில் அரசங்கன்று முளைக்கிறது. கட்டினவன் விதைத்ததல்ல அது. பிடுங்கினால் ஒரு உயிர் போகும், கல்லும் பெயரலாம். விட்டால் நாளைக்குக் கோபுரம் பிளக்கும். எதைச் செய்தாலும், மரம் வைத்ததாகக் கட்டினவன் பெயரில் கணக்கு எழுத மாட்டோம். இந்தச் சிறிய விவேகம்தான் மேடை விவாதத்தில் இல்லாமல் போயிற்று என்று நினைக்கிறேன்.

பாராக்கச் சொல்கிறவர்களின் தர்க்கத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. 1972-ன் விலக்கு நோக்கத்தைக் கேட்டது. மேடை நடும்போது இருந்த நோக்கம் எண்ணெய். விடும்போது இருக்கிற நோக்கம் செலவு குறைப்பது. இடையில் மீன் வந்தது. அது நோக்கம் அல்ல, விளைவு. விளைவை எடுத்து நோக்கத்தின் இடத்தில் வைத்தார்கள். மீனைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

முழுக்க அகற்று என்கிறவர்களிடமும் ஒரு குறை இருக்கிறது. அவர்கள் காப்பாற்ற விரும்புவது பல சமயம் கடலை அல்ல, தங்கள் ஞாபகத்தை. 1969-ன் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தின் சின்னமாக, முப்பது வருஷமாக இரும்பில் குடியிருக்கும் உயிர்களை வெடிவைத்துக் கொல்வது கடலுக்குச் செய்யும் நீதி ஆகாது. மேடைக்கு முந்திய கடல் திரும்பி வராது. ஷெவ்ரான் விட்டுப்போன சிப்பி மேடுகள் அதைத்தான் சொல்கின்றன.

எனவே இரும்பை விடலாமா எடுக்கலாமா என்பதை இடம் பார்த்து, ஆழம் பார்த்து, எந்த மீன் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான். அதற்குக் கோட்பாடு தேவையில்லை. கோட்பாடு தேவைப்படுவது பெயரில். விட்டால், பார் என்று பெயர் வைக்காமல் விட வேண்டும். காரணம் அழகியல் அல்ல. பெயரோடு உடைமை கைமாறுகிறது. பார் ஆனதும் அது மாநிலத்தின் சொத்து. துருப்பிடித்துச் சாய்ந்தால், வலையைக் கிழித்தால், ஐம்பது வருஷம் கழித்து யாரும் எதிர்பாராத ஒன்று நேர்ந்தால், பதில் சொல்ல வேண்டியது ஜனங்கள். பிரிட்டனில் வேறு மாதிரி. 1998-ன் பெட்ரோலியச் சட்டத்தின் கீழ், அனுமதி பெற்றுக் கடலில் விட்ட மிச்சத்துக்கும் உடைமையாளரே காலாகாலத்துக்கும் பொறுப்பு. பிரென்ட் வயலின் மூன்று மேடைகளின் ராட்சதக் கான்கிரீட் கால்களை அப்படியே விட ஷெல் கேட்டபோது, 2019-ல் ஜெர்மனி முதலான நாடுகள் ஆட்சேபித்தன; கிரீன்பீஸ் மறுபடியும் மேடை ஏறியது. அவற்றை அங்கே யாரும் பார் என்று சொல்லவில்லை என்பதையாவது கவனிக்க வேண்டும். கால் என்றே சொல்கிறார்கள். கால் என்று சொல்லும்வரை யாருடைய கால் என்று கேட்க முடியும்.

பிரென்ட் வயலில் எண்ணெய் வரத் தொடங்கிய அதே 1976-ல் பம்பாய்க்கு மேற்கே பாம்பே ஹையிலும் எண்ணெய் வரத் தொடங்கியது. பிரென்டில் 2021-ல் உற்பத்தி நின்றுவிட்டது. பாம்பே ஹையில் அன்றிலிருந்து நட்ட மேடைகளுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. அவற்றின் கால்களிலும் சிப்பி பற்றியிருக்கும், மீன் கூடியிருக்கும். அதைப் பற்றி ரிப்போர்ட் எழுதும் நாள் வரும்போது, ஆங்கிலத்திலிருந்து அந்த மோனைப் பெயர் முதலில் வந்து சேரும். அதைத் தமிழில் பெயர்க்கிறவர் 'பார்' என்று எழுதுவதற்குமுன் ஒரு நிமிஷம் நிதானிக்க வேண்டும். அது முத்துக் குளித்தவர்கள் கடலிடமிருந்து பெற்ற சொல். கம்பெனிகளுக்கு ரசீதாக எழுதித் தருவதற்கு வைத்திருக்கும் சொல் அல்ல.